டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலைதான்

என் நண்பர் ஒருவர் தியேட்டருக்குப் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பணம் இல்லாமல் இல்லை, ஆசை இல்லாமலும் இல்லை. காது கேட்காது.

டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை அந்தக் காலத்தில் எத்தனை தொழிற்சாலைகள் இருந்தன என்று இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் வீட்டில் கடிகாரம் வேண்டாம். நண்பர் அப்படி ஒரு கம்பெனியில் ஃபோர்ஜிங் பிரிவில் 31 வருடம் வேலை செய்தவர். சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல் சம்மட்டி எந்திரம் விழும் சத்தம் இருக்கிறதே, அதைக் காதால் கேட்பது கொஞ்சம், நெஞ்சால் கேட்பதுதான் அதிகம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பஞ்சு அந்தச் சத்தத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்நோயாகவே எழுதப்பட்டிருந்தது. அட்டவணையில் இருப்பது வேறு, ஷாப் ஃப்ளோரில் நடப்பது வேறு.

இதைப் பற்றி ஒரு விஷயம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே நிலைதான். சத்தத்தால் காது போனால் எல்லாச் சத்தமும் ஒரே அளவாகக் குறைவதில்லை. உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் உண்டு. ஒரு முறை செத்தால் திரும்ப முளைக்காது. அதில் முதலில் போவது கீச்சுக் குரலைக் கேட்கும் செல்கள். பேச்சில் உயிர் எழுத்தின் ஓசை கனமாக இருக்கும், அது வந்துவிடும். ச, ஸ, த, ட மாதிரி மெய்யெழுத்தின் உரசல்தான் காணாமல் போகும். அதனால்தான் “நீ பேசறது கேக்குதுப்பா, இன்னா சொல்றேன்னுதான் புரியல” என்று நண்பர் சொல்லுவார். வீட்டில் பெண்கள் “சத்தமாச் சொன்னாலும் புரியலேங்கறாரே” என்று அலுத்துக்கொள்வதும் இதனால்தான். கத்துவதில் பயன் இல்லை. முகத்தைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவரை இன்றைய தியேட்டரில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எட்டுத் திசையிலும் ஸ்பீக்கர். பின்னணி இசை நெஞ்சில் அடிக்கிறது. நல்ல காது இருப்பவர்களே வசனம் புரியவில்லை என்று பேரன் பேத்தியைக் கேட்கிறோம். காது கருவி போட்டவருக்கு அது எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். நண்பர் கடைசியாகத் தியேட்டருக்குப் போனது தன் பெண்ணின் கட்டாயத்தின் பேரில். இடைவேளையில் எழுந்து வெளியே வந்து முட்டை போண்டா சாப்பிட்டுவிட்டு, படம் முடியும் வரை சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம்.

இத்தனைக்கும் அவர் சாதாரண ரசிகர் இல்லை. அகஸ்தியாவில் படம் மாறினால் அந்த வாரமே பார்த்தாக வேண்டும். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-இல் திறந்தது, 2020-இல் மூடினார்கள். ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதுதான் பெரிய தியேட்டர். மகாராணி, தமிழ்நாடு என்று மற்றவை இருந்தாலும் அகஸ்தியா போன கதையைத்தான் மறுநாள் கம்பெனி கேன்டீனில் சொல்லுவோம். காது மந்தமாகத் தொடங்கிய பிறகும் நண்பர் சில வருடம் விடாமல் வந்தார். எப்படிப் புரிகிறது என்று கேட்டதற்கு அவர் சொன்னது என் மனதில் அப்படியே இருக்கிறது.

“சிவாஜி பேசினா வாயைப் பாத்தே முழுசும் புரிஞ்சிக்குவேம்ப்பா. ஒவ்வொரு எழுத்தும் உதட்டுல தெரியும். இப்ப வர்றவங்க முதுகைக் காட்டிக்கினு பேசறாங்க, இருட்டுல பேசறாங்க, தாடிக்குள்ள பேசறாங்க. நான் எங்க போய்ப் படிக்கறது?”

நடிப்பு இயல்பாக மாறியதை நாம் எல்லோரும் பாராட்டினோம். அதற்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும் என்று எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை.

அவர் மிகவும் ரசித்துப் பார்த்த படம் ஒன்று உண்டு. 1987-இல் வந்த ‘பேசும் படம்’. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி கமல் நடித்தது. பெயர்தான் பேசும் படம், உள்ளே ஒரு வசனம் கிடையாது. தியேட்டரில் எல்லோரும் சிரித்த அதே நொடியில் அவரும் சிரித்தார். வெளியே வந்ததும் “இன்னிக்குத்தான் உங்களோட சேர்ந்து படம் பாத்தேன்” என்றார்.

இதை யோசித்துப் பார்த்தால் சினிமாவின் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது. ஊமைப் பட காலத்தில் காது கேளாதவருக்கும் கேட்பவருக்கும் தியேட்டரில் வேறுபாடே இல்லை. நடுநடுவே எழுத்து அட்டை வரும், படிக்கத் தெரிந்தால் போதும். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. அன்றைக்குக் காது கேளாதவர்கள் வெளியே போனார்கள், பார்வையற்றவர்கள் உள்ளே வந்தார்கள். அதுவரை பார்வையற்றவருக்கு அங்கே என்ன வேலை?

இல்லை, இருந்தது என்றும் சொல்லலாம். ஊமைப் பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு உரத்த குரலில் கதை சொல்லுவார். எழுத்து அட்டையைப் படிக்கத் தெரியாத சனங்களுக்காக வைத்த ஏற்பாடு. “இதோ பாருங்கள் கதாநாயகன் குதிரையில் வருகிறான், வில்லன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான்” என்ற ரீதியில் சொல்லிக்கொண்டே போவார். தியடோர் பாஸ்கரன் போன்ற சினிமா வரலாற்றாசிரியர்கள் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்று புதுக் கண்டுபிடிப்பு போலச் சொல்கிறார்களே, அது கிட்டத்தட்ட இந்த வேலைதான். டென்ட் கொட்டகையில் நம் ஆட்கள் செய்து, பேசும் படம் வந்ததும் கைவிட்டது.

பார்வையற்றவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒருவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மஞ்சள் பெட்டி போனுக்கெல்லாம் மவுசு போன பிறகு அதே இடத்தில் பேனா, ஊதுவத்தி விற்றார். அவருக்குத் தெரிந்த அளவு சினிமா வசனம் இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ‘திருவிளையாடல்’ முழுக்கச் சொல்லுவார், நாகேஷ் வரும் இடம் உட்பட. எல்லாம் வானொலியில் வந்த ஒலிச்சித்திரம் கொடுத்த படிப்பு. ஒரு மணி நேரத்துக்குப் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கிப் போடுவார்களே, அது. பிறகு கதைவசன கேசட் வந்தது. 1984-இல் ‘விதி’ படத்தின் கோர்ட் காட்சி ஒலிக்காத டீக்கடையோ கல்யாண வீடோ இருந்ததா? அந்த வருடம் நாம் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டுதான் ‘விதி’ பார்த்தோம் என்று சொல்ல வேண்டும்.

மேடை நாடகத்திலிருந்து வந்த சினிமா நம்முடையது. எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லிவிடும். “யாரது? என் அத்தை மகன் கண்ணன் போலிருக்கிறதே!” என்று ஒரு பாத்திரம் சொன்னால் யார் வந்தது என்று பார்வையற்றவருக்கும் தெரிந்துவிடும். அதைக் கிண்டல் செய்து, காட்சியால் சொல்ல வேண்டும், வசனத்தால் அல்ல என்று எண்பதுகளில் பெரிய இயக்குநர்கள் வந்தார்கள். நல்லதுதான். நானும் அந்தப் படங்களின் ரசிகன். ஆனால் பூத்காரருக்கு அன்றிலிருந்து படத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பள்ளம் விழ ஆரம்பித்தது. ஒரே இசையாக இருக்கும், தியேட்டர் முழுக்க ‘ஐயோ’ என்று மூச்சை இழுக்கும், என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

அவருடைய பெண் கூட உட்கார்ந்து காதில் சொல்லுவாள். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்து சொல்லிச் சொல்லி அவள் அதில் பெரிய கைகாரி ஆகிவிட்டாள். ஒரு நாள் அவர்கள் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். வசனம் வரும்போது வாயே திறக்க மாட்டாள். வசனம் நின்றதும் நாலே வார்த்தை. “கதவு திறந்திருக்கு. ரத்தம். அம்மா இல்ல.” அவ்வளவுதான். அழகாக இருக்கிறது, சோகமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டாள். கேட்டதற்கு, “சோகமான்னு அப்பா முடிவு பண்ணிப்பாரு மாமா, நான் என்ன இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும்” என்றாள். இதைத்தான் இந்தத் துறையில் பயிற்சி கொடுக்கிறவர்கள் முதல் பாடமாகச் சொல்கிறார்களாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் பின் வரிசையில் ஒருவர் “ஏம்மா, படம் பாக்க வந்தியா கதை சொல்ல வந்தியா?” என்று கேட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் டிக்கெட் வாங்கியவர். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் பேசவில்லை. பூத்காரரும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு வெளிநாட்டில் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1981-இல் வாஷிங்டன் நகரத்தில் அரீனா ஸ்டேஜ் என்ற நாடக அரங்கில் மார்கரெட், கோடி ஃபான்ஸ்டீல் என்ற இருவர், மேடையில் நடப்பதை ஒருவர் மைக்கில் மெல்லச் சொல்ல, பார்வையற்றவர்கள் மட்டும் காதில் சிறு கருவியில் கேட்கும் முறையைத் தொடங்கினார்கள். மார்கரெட் அம்மையாரே பார்வை இழந்தவர்தான். அங்கிருந்து அது இங்கிலாந்துக்குப் போய், சினிமாவுக்கு வந்து, தொலைக்காட்சிக்கும் வந்தது. இங்கிலாந்து நாடக அரங்குகளில் இன்னொன்றும் செய்கிறார்கள். நாடகம் தொடங்கும் முன் பார்வையற்றவர்களை மேடைக்கே கூட்டிப்போய் நாற்காலி, வாள், உடை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். நடிகர்கள் வந்து தங்கள் குரலில் தங்கள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

படித்தபோது எனக்குத் தெருக்கூத்துதான் நினைவுக்கு வந்தது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வேடம் கட்டும் இடத்தில் சிறுவர்களாக நாங்கள் போய் நிற்போம். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். யார் வந்தாலும் கட்டியங்காரன் “வருவது யார் தெரியுமா?” என்று கேட்டு, வந்தவர் தன் பெயர், ஊர், பெருமை அத்தனையும் தானே சொல்லிப் பாடி ஆடாமல் கதை நகராது. பார்வை இல்லாதவருக்கு அதைவிட வசதியான கலை இருக்க முடியுமா?

சினிமாவுக்கு இப்போது வந்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. செல்போனில் ஒரு செயலி. படத்துக்கான விவரிப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தியேட்டரில் போனின் மைக், படத்தின் ஒலியைக் கேட்டு இது எந்த நிமிஷம் என்று கண்டுபிடித்து, சரியாக அந்த இடத்து விவரிப்பை இயர்போனில் சொல்லும். பக்கத்து சீட்டுக்காரருக்கு எதுவும் கேட்காது. 2018-இல் ‘சஞ்சு’ என்ற இந்திப் படத்துக்கு இப்படிச் செய்தார்கள். தியேட்டர்காரர் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டியதில்லை. தயாரிப்பாளர்தான் விவரிப்பை எழுதிப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். கோடிக் கணக்கில் எடுக்கும் படத்துக்கு அது பெரிய செலவே அல்ல.

பிறகு ஏன் வரவில்லை? யாரும் கேட்கவில்லை என்பதுதான் வழக்கமான பதில். கேட்டவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் ஷாருக் கான் நடித்த ‘பதான்’ வருவதற்குச் சில நாள் முன்பு, பார்வைக் குறைபாடுள்ள சட்ட மாணவர் அக்‌ஷத் பல்த்வாவும் வேறு சிலரும் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்களுக்கும் இந்தப் படத்தைப் பார்க்க உரிமை இருக்கிறது என்பதே வழக்கு. நீதிபதி பிரதிபா எம். சிங், தியேட்டருக்கு இனி நேரமில்லை, ஆனால் ஓ.டி.டி.யில் வரும்போது இந்தியில் ஒலி விவரிப்பும் எழுத்து வரிகளும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்த வழக்குக்கு அடிப்படை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கட்டடம், பஸ் மட்டும் அல்ல, கலையும் பொழுதுபோக்கும் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. கலையைச் சட்டத்தில் எழுதினார்கள் பாருங்கள், அதற்காக அந்த வரைவாளர்களைப் பாராட்ட வேண்டும்.

அதன் தொடர்ச்சியாக 2024 மார்ச் 15-ஆம் தேதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர் படங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது. காது கேளாதவருக்கு ஒரு வசதி, பார்வையற்றவருக்கு ஒரு வசதி, ஒவ்வொரு படத்திலும் குறைந்தது இவை இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் வரும் படங்களுக்கு ஆறு மாதம் அவகாசம், மற்றவற்றுக்கு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்கு 2026 மார்ச்தான் கெடு.

எழுத்து வரிகள் என்றதும் சப்டைட்டில்தானே, அதுதான் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் என் நண்பருக்குக் கோபம் வரும். ஓ.டி.டி.யில் தமிழ்ப் படம் போட்டால் கீழே ஆங்கிலத்தில் வரி ஓடுகிறது. மதுரைக்காரன் பேசுகிறான், மீஞ்சூர்க்காரர் அதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். “தமிழ்ப் படத்தைத் தமிழ்ல எழுதிக் காட்டறதுக்கு இன்னாப்பா கஷ்டம்? வசனம் எழுதின பேப்பர் அவங்ககிட்டதானே இருக்கு?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் இல்லை. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, முப்பது வருடம் உழைத்த தொழிலாளிக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆங்கில வரிகள் தமிழ் தெரியாதவருக்காக. தமிழ் தெரிந்து காது கேளாதவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அவருக்கு வேண்டியது பேச்சோடு சத்தத்தையும் சொல்லும் வரிகள். ‘பின்னால் கதவு தட்டும் ஒலி’, ‘தூரத்தில் ரயில்’ என்று. யார் பேசுகிறார் என்று தெரியாத இடத்தில் பெயரும் வேண்டும்.

இந்த முரண்பாட்டுக்கு இன்னும் உதாரணம் வேண்டுமானால், 2007-இல் ‘மொழி’ வந்தது. பேசவும் கேட்கவும் முடியாத பெண்ணாக ஜோதிகா எவ்வளவு அருமையாக நடித்தார்! படத்தின் பாராட்டு விழாக்களையும் பேட்டிகளையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க நம் பக்கத்தில் வழி இல்லை. 2014-இல் வந்த ‘குக்கூ’ பார்வையற்ற காதலர்களின் கதை. பூத்காரர் அதைப் பெண்ணின் உதவியோடுதான் பார்த்தார். “எங்க கதைய எங்களுக்கு யாராவது சொன்னாத்தான் உண்டு” என்று சிரித்தார்.

சக்கர நாற்காலிக்கு வருகிறேன். என் மைத்துனி மகளுக்குச் சிறு வயதில் போலியோ. நாற்பது வயது தாண்டிவிட்டாள், சொந்தமாக டெய்லரிங் நடத்துகிறாள். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது அவள் வாழ்க்கையில் பெரிய மாற்றம். டோல்கேட் நிலையத்தில் லிஃப்ட், நடைமேடையும் வண்டியும் ஒரே மட்டம். யார் தயவும் இல்லாமல் சென்ட்ரல் போய் வருகிறாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே லிஃப்ட் வரை போய்ச் சேருவதுதான் அவளுக்கு இமயமலை. அதைத் தாண்டிவிட்டால் அரசினர் தோட்டம் வரை ஒரே வண்டி.

அப்படி ஒரு நாள் சந்தோஷமாக அண்ணா சாலைப் பக்கம் ஒரு தியேட்டருக்குப் போனாள். உள்ளே போக சாய்தளம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஹாலுக்குள் சக்கர நாற்காலி நிற்க ஒரே இடம், முதல் வரிசைக்கும் முன்னால். திரை தலைக்கு மேலே. மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வந்தாள். கூட வந்த தோழி நாலாவது வரிசையில். “பெரியப்பா, டிக்கெட் ஒரே விலைதான் வாங்கினாங்க” என்றாள். பழைய தியேட்டர்களில் தரை டிக்கெட்டுக்கு இருந்த இடம் அது. வேறொரு தியேட்டரில் வாட்ச்மேனும் டிக்கெட் கிழிப்பவரும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் எல்லோரும் பார்க்க மூட்டை போல் தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். சபா நாடகங்களும் இதற்கு விலக்கல்ல. பல அரங்குகளில் ஹாலுக்கு ஒரு வழியாகப் போய்விடலாம், கழிப்பறைக்குப் போக முடியாது. அதனால் அவள் வெளியே போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

கட்டுவதோடு வேலை முடிவதும் இல்லை. 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். எத்தனை பேர் முதல் முறையாக அலையைக் காலில் தொட்டு அழுதார்கள்! இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடலோரப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரி செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இந்த ரகம்தான். ‘செய்தால் நல்லது’ என்கிற பாணியில் விதி எழுதினால் போதாது, கட்டாயமாகச் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் எது என்று தனியாக எழுதுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நம் ஊருக்கும் கண்ணுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் திருவொற்றியூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரிடம் மகிழ மரத்தடியில் உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் சிவபெருமான் அவருக்குக் கொடுத்தது கண் அல்ல, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொன்று. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஊன்றுகோல்தான். கண் வரும் வரை நடக்க வேண்டுமே. செல்போன் செயலியும் சாய்தளமும் தமிழ் வரிகளும் அந்த வகையைச் சேர்ந்தவை.

காது கருவி போட்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல். பல கருவிகளில் ‘டி’ என்று ஒரு நிலை இருக்கும். டெலிகாயில் என்பார்கள். ஹாலைச் சுற்றி ஒரு கம்பி வளையம் போட்டு ஒலி அமைப்போடு இணைத்துவிட்டால், ‘டி’ நிலையில் வைத்த கருவிக்கு மேடை மைக்கின் குரல் நேராக வந்துவிடும். இருமல், மின்விசிறி, பக்கத்து சீட்டுச் சிப்ஸ் பாக்கெட் எதுவும் வராது. வெளிநாட்டில் தேவாலயம், டிக்கெட் கவுன்ட்டர், நாடக அரங்கு எல்லாவற்றிலும் இந்த அடையாளப் பலகையைப் பார்க்கலாம். உங்கள் கருவியில் அது இருக்கிறதா என்று வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். பல பேருக்கு இருப்பதே தெரியாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். சட்டத்தில் அப்போது ஏழு வகைதான், 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. அந்த எண்ணிக்கையில் என் நண்பரைப் போல அட்டை வாங்காதவர்கள், வயதாகிக் காது மந்தமான நீங்களும் நானும் எல்லாம் சேரவில்லை. பேரன் “தாத்தா, வால்யூமைக் குறை” என்று சொல்லாத வீடு நம் தெருவில் எத்தனை?

வரிகள் ஓடினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இப்போதே எத்தனையோ தியேட்டர்களில் தமிழ்ப் படம் ஆங்கில வரிகளோடுதான் ஓடுகிறது, யாரும் எழுந்து போகவில்லை. எல்லாக் காட்சிக்கும் வேண்டாம் என்றால் வாரத்தில் ஒரு காட்சி போடட்டும். ஆனால் அது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியாக இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி என்றால் வேலை வெட்டி இல்லாதவர் என்று நினைத்து நேரம் வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. என் மைத்துனி மகளுக்குச் செவ்வாய்க்கிழமை ஜாக்கெட் டெலிவரி.

போன மாதம் எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு தியேட்டரின் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி ஒன்றைத் தமிழ் வரிகளோடு போட முடியுமா, விநியோகஸ்தரிடம் அந்தப் பிரதி கேட்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார்.

“சார், போடறதுல ஒண்ணும் இல்ல. ஆனா யார் சார் வருவாங்க?”

நான் மறுநாள் காலை நடைப்பயிற்சியில் விசாரித்தேன். கம்பெனியில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் நாலு பேருக்கு வீட்டு அம்மாக்களும் வருவதாகச் சொன்னார்கள். பூத்காரர், “எழுத்து எனக்கெதுக்கு, ஆனா கூட்டத்தோட வரேன்” என்றார், பெண்ணையும் கூட்டி வருவார். மைத்துனி மகள், நான். பதினைந்து பேர். பெயர்களை ஒரு தாளில் எழுதி, சக்கர நாற்காலி ஒன்று, முதல் வரிசை வேண்டாம் என்று கீழே குறிப்பும் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தீபாவளிப் படம் முடியட்டும் சார் என்றார்.